ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

“இந்தப் பழைய இரும்புக்குக் கொட்டிய பணத்துக்கு ஒரு மைவி வாங்கியிருக்கலாமே?” என்று என்னைக் கேட்காத உறவினர் இல்லை. பேரவையில் என்னோடு சொற்போர் மேடை ஏறிய நண்பர்களும் கேட்டுவிட்டார்கள். கணக்கியல் படித்தவள் என்பதால் கேள்வி இன்னும் கூர்மையாகவே வரும். மூன்று ஆண்டுச் செலவையும் ஒரு நீல நிறக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வரவுப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஆகவே கணக்கைக் காட்டிப் பதில் சொல்ல வழியில்லை. இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பி தங்கைகள், “அக்கா, அந்த லேண்ட் ரோவரைப் பற்றியே எழுதுங்களேன்” என்றார்கள். எழுதுகிறேன்.

வண்டி 1965-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சீரிஸ் 2ஏ வகை. 88 அங்குல வண்டி என்பார்கள்; முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம் அது. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தமாக இருந்தது. அப்பா அங்கே 1978 முதல் ஓட்டுநர். துரைமார்கள் மாறினார்கள், கிராணிமார்கள் மாறினார்கள், வண்டியும் அப்பாவும் மாறவில்லை. கொழுந்து மூட்டை, உர மூட்டை, பிரசவ வலி கண்ட பெண்கள், திருவிழாவுக்குச் சாமி, எல்லாவற்றையும் இந்த வண்டிதான் ஏற்றி இறக்கியிருக்கிறது. 1994-இல் தோட்டத்தில் பழைய வண்டிகளைக் கழித்துக் கட்டியபோது, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி சொல்லி அப்பா இதை வாங்கிக்கொண்டார். பிறகு குடும்பம் தாப்பாவுக்கு இறங்கி வந்தது. சில காலம் காய்கறி ஏற்றி ஓட்டினார். 2006-க்குப் பிறகு வண்டி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்றுபோனது. கோழிகள் அதில் அடைகாத்தன. நானும் என் தம்பியும் அதன் பின்பக்க இருக்கையில் உட்கார்ந்துதான் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படித்தோம்.

கேமரன் மலைக்குச் சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வேறெங்கும் காணாத அளவுக்கு அங்கே பழைய லேண்ட் ரோவர்கள் திரியும். கதவில்லாதவை, கூரைக்குப் பதில் கித்தான் போட்டவை, வேறு கம்பெனி டீசல் இயந்திரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு உறுமுபவை. முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு, ஆடு ஏறத் தயங்கும் மண் சரிவில் ஏறிப் போகும். இன்று புது வகைப் பிக்அப் வண்டிகள் வந்துவிட்டன. ஆனாலும் பிரிஞ்சாங், கம்போங் ராஜா பக்கத்துத் தோட்டக்காரர்கள் இன்னும் சிலர் பழையதை விடவில்லை.

இந்த வண்டி பிறந்த கதை சுவையானது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம், இங்கிலாந்தில் ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த மாரிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் ஓர் இராணுவ ஜீப் வைத்திருந்தார். அதற்கு ஈடாக நாமே ஒன்று செய்தால் என்ன என்று 1947-இல் ஆங்கிள்சி தீவின் கடற்கரை மணலில் குச்சியால் படம் போட்டதாகச் சொல்வார்கள். 1948 ஏப்ரல் 30-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டி வெளிவந்தது. அப்போது இங்கிலாந்தில் எஃகுக்குக் கட்டுப்பாடு. அதனால் உடலை பர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் செய்தார்கள். கீழே தாங்கும் சேசிஸ் எஃகு. பெரிய அச்சு எந்திரங்கள் இல்லாததால் அதையும் நான்கு தகடுகளைப் பெட்டி போல ஒட்டவைத்துப் பற்றவைத்தார்கள். பஞ்ச காலத்துச் சிக்கனம்! அந்தச் சிக்கனத்தால்தான், பட்டறை எதுவும் இல்லாத எங்களைப் போன்றவர்கள் வீட்டுக் கொட்டகையில் வைத்தே இதைக் கழற்றி மாட்ட முடிகிறது. முன் சிறகுகள் இரண்டும் போல்ட் போட்டு நிற்பவை. அரைநாளில் கழற்றிச் சுவரில் சாய்த்துவிடலாம்.

2021 மார்ச்சில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் உடலின் வலப்பக்கம் தளரும். பெரும்பாலோருக்குப் பேச்சின் இருப்பிடமும் அந்த இடப்பக்கம்தான். அப்பாவுக்கு வலக்கை பாதி போனது. பேச்சு முக்கால்வாசி போனது. நாம் பேசுவது அவருக்குப் புரியும். சொல்ல வேண்டிய சொல்தான் வராது. வந்தாலும் வேறொன்று வரும். தண்ணீருக்குச் ‘சட்டை’ என்பார். தாம் சொன்னது தவறு என்று அவருக்கே தெரியும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. “வேணுமாப்பா?” என்றால் “ஆமா.” “வேணாமா?” என்றாலும் “ஆமா.”

வாரம் ஒருமுறை மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி. குடை, நாற்காலி, வாழைப்பழம் என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டுவார்கள். பயிற்சியாளர் மலாய்க்காரப் பெண், நல்ல பொறுமைசாலி. தமிழ்ச் சொற்களை நான் சொல்லச் சொல்ல ரூமி எழுத்தில் எழுதிக்கொண்டு அழகாகவே உச்சரிப்பார். எண்கள், வார நாட்கள், சாமி பாட்டு போல வரிசையாகச் சொல்லிப் பழகியவை இப்படிப்பட்டவர்களுக்குத் தப்பிப் பிழைத்திருப்பதுண்டு என்று விளக்கியவரும் அவர்தான். எங்கே, ஒன்றிலிருந்து எண்ணுங்கள் பார்க்கலாம் என்றார். அப்பா எண்ணினார்: “ஒன்னு, மூனு, நாலு, ரெண்டு.” மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே. அவர் தம் தாளில் எதையோ குறித்துக்கொண்டார்.

அந்த ஆண்டு இறுதியில் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். பழைய வண்டிகளைச் சேர்ப்பவர். பண்பானவர், பேரம் பேசத் தெரியாதவர் என்றுகூடச் சொல்லலாம். நிற்கும் நிலையிலேயே 18,000 வெள்ளி தருவதாகச் சொன்னார். அம்மாவுக்கு விற்றுவிடலாம் என்ற எண்ணம். அம்மா பக்கம் நியாயம் இருந்தது. மருத்துவச் செலவு, வீட்டுக்குள் கைப்பிடிக் கம்பிகள் வைக்கும் செலவு, வாடகை வண்டிச் செலவு என்று வரிசை கட்டி நின்றன. வண்டியோ பதினைந்து ஆண்டாக ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் வண்டி அப்பாவுடையது. அவரைக் கேட்காமல் எப்படி விற்பது? கேட்டோம். “விக்கலாமாப்பா?” “ஆமா.” “வேணாமா?” “ஆமா.” வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குக் கொஞ்சம் கால அவகாசம் கொடுங்கள் என்று கேட்டு அவரை அனுப்பிவைத்தேன். அடுத்த சனிக்கிழமை கொட்டகையைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அப்பாவை உட்காரவைத்தேன். வண்டியைச் சீர்படுத்தும் எண்ணம் அப்போது எனக்கு இல்லை. வண்டி பக்கத்தில் இருந்தால் அவர் மனம் தெரியுமோ என்ற ஆசைதான்.

முதலில் கோழிக் கூண்டு ஆனதையெல்லாம் கழுவினேன். பிறகு ஒரு சிறிய சுத்தியலை எடுத்து, சேசிஸை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போனேன். இது கேமரன் மலைப் பட்டறைகளில் சின்ன வயதில் நான் பார்த்த பழக்கம். லேண்ட் ரோவர் சேசிஸ் பெட்டி போன்றது. சேறும் ஈரமும் உள்ளே போய்த் தங்கும். துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளியில் பார்த்தால் சாயம் பளபளவென்று இருக்கும்; உள்ளே ஒன்றும் இருக்காது. தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று பேசும், அரித்துப்போன இரும்பு சொத்தென்று முனகும். முன்பக்கம் கணீர். நடுவில் கணீர். பின்பக்கக் குறுக்குச் சட்டத்துக்கு வந்தேன். சொத். நாற்காலியிலிருந்து குரல் வந்தது: “செத்துப்போச்சு.”

ஒன்பது மாதத்தில் அவர் வாயிலிருந்து இடம் பொருந்தி வந்த முதல் சொல் அதுதான். நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட ஓடினேன். அம்மா வருவதற்குள் அப்பா மறுபடியும் ‘சட்டை’க்குத் திரும்பிவிட்டார். பரவாயில்லை.

அதன் பிறகு சனி, ஞாயிறு இரண்டும் கொட்டகையில்தான். எனக்கு இயந்திர அறிவு குறைவு. வண்டியோடு வந்த பழைய கைந்நூல், யூடியூப், ஈப்போவில் உதிரிப் பொருள் விற்கும் கடைக்காரர், இவர்கள்தாம் ஆசிரியர்கள். தலைமையாசிரியர் நாற்காலியில் இருந்தார்.

அப்பாவின் சாமான் பெட்டியில் மூன்று குடும்பத்து ஸ்பானர்கள் இருந்தன. இந்தக் காலத்து வண்டிக்கு வாங்கிய மில்லிமீட்டர் ஸ்பானர் எதுவும் 2ஏ வண்டியில் சரியாக உட்காராது. சில போல்ட்டுகள் யூ.என்.எஃப்., சில பி.எஸ்.எஃப்., ஆங்காங்கே விட்வொர்த். இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்க அளவு ஸ்பானரில் 1/2 என்று எழுதியிருந்தால் அது வாய் அகலம். விட்வொர்த் ஸ்பானரில் எழுதியிருப்பது போல்ட் தண்டின் அளவு. ஆகவே 1/4 என்று பொறித்த விட்வொர்த் ஸ்பானர், 1/2 என்று பொறித்த மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்! நான் எண்ணைப் படித்துக் குழம்பிக்கொண்டிருக்கும்போது அப்பா இடக்கையால் பெட்டியைத் துழாவி, பார்க்காமலேயே சரியானதை எடுத்து நீட்டுவார். பெயர் வராது. கை மறக்கவில்லை.

பெயர்கள் சில வந்தன. ‘மரை’ வந்தது. ஒரு போல்ட்டில் மரை தேய்ந்து சுற்றிக்கொண்டே இருந்தபோது, “மரை... மரை போச்சு” என்றார். வில் தகடுகளைக் கழற்றிய அன்று ‘பட்டை’ வந்தது. இந்த வண்டியில் வலப்பக்கப் பட்டைக்கும் இடப்பக்கப் பட்டைக்கும் வளைவு வேறு. ஓட்டுநரின் பாரமும் எண்ணெய்த் தாங்கியின் பாரமும் வலப்பக்கம் இருப்பதால் அந்தப் பக்கம் சற்றுக் கூடுதலாக வளைந்திருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சுண்ணாம்பால் ‘வ’, ‘இ’ என்று எழுதி வைத்தேன். அப்பா அந்த எழுத்துகளைப் பார்த்துச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று இன்றுவரை தெரியாது. வராத சொற்களும் நிறைய. என் பெயர் அப்போது வரவில்லை. ‘பாப்பா’ என்று கூப்பிடுவார் முன்பெல்லாம், அதுவும் வரவில்லை. பட்டைக்கும் மரைக்கும் கிடைத்த இடம் எனக்குக் கிடைக்கவில்லையே என்று சில இரவுகளில் தோன்றும். தோன்றத்தானே செய்யும்?

பின் குறுக்குச் சட்டத்தை வெட்டிவிட்டுப் புதியதை வைக்க, பீடோரிலிருந்து ஒரு சீன அங்கிள் பற்றவைக்கும் எந்திரத்தோடு வந்தார். அவர் மலாயில் ஏதோ கேட்பார், அப்பா கையை அசைப்பார், இருவருக்கும் புரிந்துவிடும். அப்பாவுக்குப் பேச்சு போன சங்கதியே அங்கிளுக்கு மதியம் சாப்பாட்டின்போது நான் சொல்லித்தான் தெரியும். பற்றவைத்த பிறகு பெட்டிக்குள் மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்சி அடித்தோம். நம் ஊர் மழைக்கு அது இல்லாவிட்டால் செய்த வேலை நிலைக்காது.

அலுமினியம் துருப்பிடிக்காது, ஆகவே உடலைப் பற்றிக் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் அங்கே ஒரு சிறு பெட்டரி உருவான மாதிரிதான். அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். எங்கள் வண்டியில் கதவின் அடிப்பாகம் முழுக்க அப்படித்தான் இருந்தது. மாட்டும்போது இரண்டு உலோகங்களுக்கும் நடுவே சாயமும் ரப்பர் பட்டையும் வைத்துப் பிரிக்க வேண்டும். காலடித் தட்டுகள் எஃகு, அவை சல்லடை. புதிய தகடு வெட்டிப் பற்றவைத்தோம். இதையெல்லாம் விரித்தால் மலரின் ஆசிரியர் கோபித்துக்கொள்வார்.

இயந்திரத்துக்கு வருகிறேன். 2,286 சி.சி., நான்கு சிலிண்டர், பெட்ரோல். அழுத்த விகிதம் 7:1 தான் என்பதால் சாதாரண 95 எண்ணெயே அதற்கு விருந்து. பதினைந்து ஆண்டு நின்றதில் பிஸ்டன்கள் இறுகிப்போயிருந்தன. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் டீசலும் கியர் எண்ணெயும் ஊற்றி ஊறவைத்தோம். இந்த வண்டிக்கு முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றும் வசதி உண்டு. தினமும் மாலையில் அதைப் போட்டு மெல்ல அசைத்துப் பார்ப்பேன். வலிந்து திருகக் கூடாது. பன்னிரண்டாம் நாள் ஒரு முனகலோடு கால் சுற்று சுற்றியது. அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

வால்வு இடைவெளியை 0.010 அங்குலத்துக்கும் பாயின்ட் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கும் வைத்தேன். கார்புரேட்டர் முன்பே யாரோ சோலெக்ஸைக் கழற்றி ஜெனித் போட்டது. உள்ளே காய்ந்த எண்ணெய் கோந்தாக ஒட்டியிருந்தது; சுரண்டிக் கழுவினேன். இந்த வயது வண்டிகளில் பெட்டரியின் நேர்முனையைத்தான் உடலோடு இணைப்பார்கள், இக்கால வழக்கத்துக்கு நேர்மாறு. அதையும் பார்த்துச் செய்தேன். கடைசியாக பிளக் வயர்கள். டிஸ்டிரிபியூட்டர் மூடியிலிருந்து நான்கு வயர்களை நான்கு பிளக்குகளுக்குக் கொடுக்க வேண்டும். எந்த வரிசையில் என்று கைந்நூலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற அப்பா மூடியின் மேல் இடக்கை விரலை வைத்தார். ஒவ்வொரு காதாகத் தொட்டுக்கொண்டே சொன்னார்: “ஒன்னு, மூனு, நாலு, ரெண்டு.”

கைந்நூலிலும் அப்படியே இருந்தது. 1-3-4-2. சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை.

நான் அந்தத் திங்கட்கிழமை பயிற்சியாளருக்குத் தொலைபேசியில் விளக்கினேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தற்செயலாகவும் இருக்கலாம் என்றார். இருக்கலாம்தான். பல ஆண்டு அந்த வரிசையைச் சொல்லி வயர் மாட்டிய ஒரு மனிதரைப் பற்றி நான் வேறு விதமாகவும் நினைத்துக்கொள்கிறேன். அடுத்த பயிற்சிக்கு அவரே, குடையும் வாழைப்பழமும் போட்ட அட்டைகளோடு, ஸ்பானர், பிளக், டயர் படங்களையும் அச்செடுத்து வந்திருந்தார். அதற்கு அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

2022 நவம்பரில் இயந்திரம் ஓடியது. முதல் முறை எழுப்பிய புகையில் பக்கத்து வீட்டுப் பாக்சிக் தீப்பிடித்துவிட்டதோ என்று வாளியோடு வந்துவிட்டார்.

செய்தி எப்படியோ கோலாலம்பூருக்குப் போயிருக்கிறது. வாங்க வந்தவர் மறுபடியும் வந்தார். இம்முறை தொகையை உயர்த்திச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். இம்முறை யாரும் ‘விக்கலாமா, வேணாமா’ என்று கேட்கவில்லை. வந்தவரே அப்பாவிடம் போய், “ஐயா, உங்க விருப்பம் எதுவோ அதுதான்” என்றார். அப்பா மெல்ல நடந்து வண்டிக்கு முன்னால் போனார். என்னைப் பார்த்து மூடியைத் திறக்கச் சொல்லிக் கை காட்டினார். திறந்தேன். டிஸ்டிரிபியூட்டரின் இரண்டு கிளிப்புகளையும் இடக்கைக் கட்டைவிரலால் தட்டிவிட்டு, மூடியைத் தூக்கி, உள்ளே இருந்த ரோட்டரைப் பிடுங்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தோட்டத்தில் வண்டியை இரவு வெளியில் நிறுத்தும் ஓட்டுநர்கள் செய்கிற வேலை அது. விரல் நீளம்கூட இல்லாத அந்தத் துண்டு இல்லாவிட்டால் யார் வந்தாலும் வண்டியைக் கிளப்ப முடியாது. வந்தவரும் பழைய வண்டிக்காரர் அல்லவா? சத்தம் போட்டுச் சிரித்துவிட்டு, அப்பாவின் இடக்கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்றுவரை உதிரிப் பொருள் ஏதாவது கண்ணில் பட்டால் எனக்குப் படம் எடுத்து அனுப்புகிறார். அம்மா அன்றிரவு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பசியாறும்போது, “அப்ப, பிரேக்கையாச்சும் ஒழுங்கா பண்ணு” என்றார்.

பிரேக் சாதாரண வேலையன்று. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். எல்லாவற்றுக்கும் ஒரே குழாய்ப் பாதை. இந்தக் காலத்து வண்டிகளில் பாதை இரண்டாகப் பிரிந்திருக்கும், ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். எங்கள் வண்டியில் எங்காவது ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். உதவிக்கு சர்வோவும் கிடையாது. கால் பலம்தான் எல்லாம். ஆகவே சிலிண்டர்கள், குழாய்கள், ரப்பர் ஹோஸ்கள் அத்தனையும் புதிது போட்டேன். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து நீரை உறிஞ்சும். மலை இறக்கத்தில் டிரம் சூடாகும்போது அந்த நீர் ஆவியாகி, மிதிபலகை பஞ்சாக அமுங்கும். பழைய எண்ணெயைச் சொட்டுவிடாமல் வெளியேற்றிப் புதிது ஊற்றி, பாதையிலுள்ள காற்றை நீக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் மிதிக்க, ஒருவர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து மூட. அம்மா புடவையைச் செருகிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். முப்பதுக்கு மேற்பட்ட ஆண்டுத் திருமண வாழ்வில் அந்த இருக்கையில் அம்மா உட்கார்ந்தது அதுதான் முதல் முறையாம். நான் சக்கரத்தடியில். அப்பா நடுவில் நின்றுகொண்டு எங்கள் இருவருக்கும் கட்டளை: “அமுக்கு... பிடி... விடு.” “அமுக்கு... பிடி... விடு.” ஒன்றுகூட மாறிப் போகவில்லை. அரைமணி நேரம் கழித்து அம்மா, “போதும்யா, கால் வலிக்குது” என்றதற்கு, “விடு” என்றார்.

ஆய்வு, சாலை வரி, காப்புறுதி ஆகியவை பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். யாரும் படிக்க மாட்டீர்கள்.

பல்கலைக்கழக மலரில் எழுதுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1955 செப்டம்பர் 1-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு, தரை வழியாகவே 1956 மார்ச் 6-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான டிம் ஸ்லெசர் எழுதிய நூல் ‘ஃபர்ஸ்ட் ஓவர்லேண்ட்’. அவ்விரு வண்டிகளில் ஒன்று பின்னாளில் செயின்ட் ஹெலினா தீவில் கேட்பாரற்றுக் கிடந்து, மீட்கப்பட்டு, சீர்செய்யப்பட்டு, 2019 ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்பிப் பயணம் போனது. முதிய ஸ்லெசரும் போவதாக இருந்தது. உடல்நலம் இடம் கொடுக்காமல் போகவே, அவருடைய இடத்தில் பேரன் ஏறிக்கொண்டார். அந்தப் பயணத்தைப் பற்றிக் கைத்தொலைபேசியில் கண்ட காணொளியை அப்பாவுக்குக் காட்டினேன். அவர் வண்டியைத்தான் பார்த்தார். முன் அச்சின் உருண்டைப் பகுதியிலிருந்து எண்ணெய் கசிந்திருந்ததாம். விரலால் திரையில் காட்டினார்.

2024 ஜூன் பள்ளி விடுமுறையில் மலைக்குப் போனோம். தாப்பாவிலிருந்து பழைய சாலைதான். லாத்தா இஸ்கண்டார் அருவி வரை மூன்றாவது கியரில் சுகமாக ஏறியது. அதற்கு மேல் வளைவுக்கு வளைவு இரண்டாவது. இந்த வண்டியில் மூன்றாவது, நான்காவது கியர்களுக்கு மட்டும்தான் சிங்க்ரோமெஷ் உண்டு. இரண்டாவதற்கு இறக்குவதென்றால், கிளட்சை மிதித்து நடுநிலைக்கு வந்து, விட்டு, எண்ணெயைக் கொஞ்சம் அழுத்தி, மறுபடி மிதித்து உள்ளே தள்ள வேண்டும். நேரம் தப்பினால் கியர் பெட்டி பல்லைக் கடிக்கும். தாப்பா பந்தடித் திடலைச் சுற்றி மூன்று மாதம் பழகியிருந்தேன். ரிங்லெட் சேர்வதற்குள் எங்களுக்குப் பின்னால் ஒரு திருமண ஊர்வலம் அளவுக்கு வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை என்பது எனக்கு வியப்பு.

தோட்டத்தில் அப்பாவோடு வேலை பார்த்த இருவர் இன்னும் லயத்துப் பக்கம் இருக்கிறார்கள். வண்டிச் சத்தத்தை வைத்தே அடையாளம் கண்டு வெளியில் வந்துவிட்டார்கள். ஒருவர் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதார். மற்றவர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். தேநீர் குடித்தோம். அப்பா பேசாமல் அமர்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையிடையே ‘ஆமா’ சொன்னார். பழைய கதைகளுக்கு ‘ஆமா’ ஒன்றே போதுமானதாக இருந்தது.

இறங்கும்போதுதான் எனக்கு நெஞ்சு படபடத்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது. ஒற்றைப் பாதை பிரேக், சுமார் 45 கிலோமீட்டர் இறக்கம், எனக்குப் பக்கத்தில் அப்பா, பின்னால் அம்மா. இறக்கத்தில் பிரேக்கை நம்பக் கூடாது, கியரைத்தான் நம்ப வேண்டும் என்று படித்திருந்தேன். எந்த வளைவில் எந்த கியர் என்பது படிப்பில் வராது. அப்பாவுக்கு அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவும் தெரியும். வளைவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே “ரெண்டு” என்பார். நேராக வந்ததும் “மூனு.” மழைத் திரைக்கு அப்பால் எனக்கு ஒன்றும் தெரியாது, அவர் சொன்னதைச் செய்துகொண்டே வந்தேன். ஓரிடத்தில் “ரெண்டு” என்ற குரல் வழக்கத்தைவிட உரக்க வந்தது. இறக்கினேன். வளைவைத் தாண்டினால் மரம் ஒன்று சாய்ந்து பாதிச் சாலையை அடைத்திருந்தது. இயந்திரம் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து நிறுத்திக் கொடுத்தது. பிரேக்கை இலேசாகத்தான் தொட்டேன்.

“பாத்து, பாப்பா” என்றார்.

அம்மா பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார். ஓட்டும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் நான் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சொல் நான்கைந்து முறை வந்திருக்கிறது, வராத நாட்கள்தாம் மிகுதி. பயிற்சி தொடர்கிறது. வண்டிக்கும் வேலை தொடர்கிறது. இடப்பக்கச் சக்கரத்துச் சுழல் உருண்டையின் குரோம் பூச்சு குழி விழுந்துவிட்டது. அதில் உரசி சீல் கிழிந்து எண்ணெய் கசிகிறது. காணொளியில் அப்பா காட்டிய அதே இடம்தான். இந்த வகை வண்டிகளுக்கெல்லாம் அது பரம்பரை வியாதி. உருண்டை, சீல், கேஸ்கெட் மூன்றும் ஈப்போவில் சொல்லி வைத்திருக்கிறேன். தீபாவளி விடுமுறையில் தம்பி வந்ததும் அவனை வண்டிக்கடியில் படுக்கவைக்கத் திட்டம். ரோட்டர் இரவில் இப்போதும் அப்பாவின் சட்டைப் பையில்தான் இருக்கிறது. துணி துவைக்கும்போது அம்மா எடுத்து மேசை மேல் வைத்துவிடுவார்.